ஹொண்டா பிட் ஜீபி5: பெற்றோல் தாங்கி இருக்கும் இடமும் கியர்ப்பெட்டி பற்றிய பயமும்

உப்புவெளியான்:
அனைவருக்கும் வணக்கம். 2014 ஆம் ஆண்டு ஹொண்டா பிட் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது, மாதிரி இலக்கம் ஜீபி5) ஒன்றை வாங்குவதற்குப் பார்த்து வைத்திருக்கிறேன். நான்கு மீற்றர்கூட நீளமில்லாத அந்தக் காரின் பின் இருக்கையை மேல்நோக்கி மடித்துவிட்டு, இரண்டு தென்னங்கன்றுகளை உரிமையாளர் நிமிர்த்தியே வைத்துக் காட்டினார். ஏனைய சிறிய கார்களில் இது ஏன் முடிவதில்லை? கியர்ப்பெட்டி பற்றிப் பலரும் பயமுறுத்துவதில் உண்மை உண்டா?

கந்தளாய்க்காரன்:
தம்பி, வழமையாகப் பின் இருக்கையின் கீழ் இருக்கும் பெற்றோல் தாங்கியை, 2001 இல் வந்த முதல் பிட்டிலேயே முன் இருக்கைகளின் கீழே தட்டையாக வைத்துவிட்டார்கள். அதனால் பின்பக்கத் தரை தாழ்ந்தது. இருக்கையை மேலேயும் மடிக்கலாம், கீழேயும் அமிழ்த்தலாம். என்னைக் கேட்டால், அந்தக் காரின் உண்மையான கெட்டித்தனம் ஹைபிரிட்டில் இல்லை, இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

பழைய கராஜ்:
கியர்ப்பெட்டிக்கு வருகிறேன். முந்திய தலைமுறை பிட் ஹைபிரிட்டான ஜீபி1 இல் மோட்டார் எஞ்சினோடு நேரே பூட்டப்பட்டிருந்ததால், மோட்டாரில் மட்டும் ஓடும்போதும் எஞ்சின் சேர்ந்தே சுழன்றது. ஜீபி5 இல் மோட்டாரை ஏழு கியர்கள் கொண்ட பெட்டிக்குள் வைத்து, இடையில் இரட்டை உலர் கிளட்ச்சை (எண்ணெயில் தோயாத இரண்டு கிளட்ச்சுகளை) கொடுத்து, ஓட்டத்திலிருந்து எஞ்சினை முற்றாகக் கழற்றிவிடும் வசதியைச் செய்தார்கள். சிக்கனத்துக்கு அது நல்லது. ஆனால் கார் மெல்ல நகரும்போது சாதாரண ஓட்டோ கியரில் எண்ணெய் செய்யும் வழுக்கும் வேலையை இங்கே கிளட்ச் தட்டுகளே செய்யவேண்டியிருப்பதால், கோயில் நாட்களில் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் மலைக்கு அங்குலம் அங்குலமாக ஏறினால் அவை சூடேறும். முன்வண்டி பத்தடி நகரும்வரை பிரேக்கில் நில்லுங்கள். அக்சிலேட்டரால் காரை ஏற்றத்தில் தாங்கிப் பிடிக்காதீர்கள். தொடக்க காலக் கார்களை இந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காகவே ஜப்பானில் ஹொண்டா பலமுறை திரும்ப அழைத்தது. ஆகவே நீங்கள் பார்த்த காருக்கு அந்தத் திருத்தம் ஏற்றப்பட்டதா என்பதை, கணினி பூட்டிப் பார்க்கத் தெரிந்த இடத்தில் உறுதிசெய்யாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.

உப்புவெளியான்:
நன்றி ஐயா. பற்றரி எங்கே இருக்கிறது?

பழைய கராஜ்:
பின்பக்கச் சாமான் தட்டின் கீழே. அதைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்தே இழுக்கப்படுகிறது. பின் இருக்கையோரம் உள்ள காற்றுத் துளையை நிலாவெளிக் கருவாட்டுப் பையால் அடைத்துவிடாதீர்கள். வெயிலில் நின்ற காரென்றால், கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டே ஏசியைப் போடுங்கள்.