கயாக்கை விழுங்கும் கடல் அலை: ஃபில்ட்டருக்கு யோசனை தேவை

வணக்கம். ஈஸ்ட் கோஸ்ட் கரையோரம் ஃபார்வர்ட் ஸ்கேட்டர் ரேடார் (டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவே குறுக்கிடும் பொருளைக் கண்டுபிடிக்கும் வகை) வைத்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் இடையே 600 மீட்டர், 7.5 கிகாஹெர்ட்ஸ், இரு ஆன்டெனாவும் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில்.

மெதுவாக வரும் இலக்குதான் சிக்கல். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நடுவே குறுக்கிடும் படகு, இரு ஆன்டெனாவையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து 30 மீட்டரில் சுமார் 15 ஹெர்ட்ஸ் டாப்ளர் (நகர்வால் வரும் அதிர்வெண் மாற்றம்) தரும், எளிதில் பிரிக்கலாம். 1 மீட்டர் வேகத்தில் போகும் கயாக்கோ (துடுப்புப் போடும் சிறு படகு) 10 மீட்டரில் 1.7 ஹெர்ட்ஸ்தான், கோட்டைத் தொடும்போது பூஜ்யம். கடல் அலை தரும் சிக்னலின் ஆற்றலும் பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்குள்ளேதான் குவிகிறது. அங்கே ஹைபாஸ் (குறைந்த அதிர்வெண்ணை வெட்டும் ஃபில்ட்டர்) வைத்தால் கயாக்கின் தடத்தில் நடுப்பகுதி போய்விடும்.

ஓதம் (கடல்மட்ட ஏற்றவிறக்கம்) வேறு. நீர் 1 மீட்டர் ஏறினால் நேர்க்கதிரும் கடலில் பட்டுவரும் கதிரும் ஒன்றையொன்று அழிக்க, சிக்னல் கணக்குப்படி 10 டெசிபெல் இறங்கும். அதனால் நிலையான த்ரெஷோல்ட் (எச்சரிக்கை எழும் சிக்னல் அளவு) உதவாது. (ஆன்டெனாவை உயர்த்தச் சொல்லாதீர்கள், கம்பம் அவ்வளவுதான்.)

ஹைபாஸை 0.3 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, வேகத்துக்கு ஒன்றாக மேட்ச்ட் ஃபில்ட்டர் (எதிர்பார்க்கும் சிக்னல் வடிவத்தோடு ஒப்பிட்டுத் தேடுவது) போட்டவர்கள் இருக்கிறீர்களா? கிளட்டர் (அலையிலிருந்து வரும் வேண்டாத சிக்னல்) சராசரிக்கு எத்தனை விநாடி எடுக்கிறீர்கள்? 30 வைத்தால் கயாக்கே சராசரிக்குள் கலந்துவிடுகிறது. நீட்டினால் ஃபெர்ரி கிளப்பும் அலை பொய் எச்சரிக்கை தருகிறது.