மறு: மிஸ்ஃபயர் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'தீப்பொறிப் பிழை' என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிதில் புரிகிறது.

ஐயா, வணக்கம்.

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. மிஸ்ஃபயர் என்பது எஞ்சின் உருளை (சிலிண்டர்) ஒன்றில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை எரியாமல் போவது. பழைய மினிவேன் குலுங்கி ஓடும்போது இந்தச் சொல்லைப் படிப்பவர் நேரே பொறி தரும் பிளக் வாங்கப் போய்விடுவார். உருளைக்குள் கலவை எரியாமல் போவதற்குப் பொறி வராதது ஒரு காரணம்தான். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், இன்டேக் (காற்றை உள்ளிழுக்கும்) பக்கம் காற்று கசிந்து புகலாம், வால்வு சரியாக உட்காராமல் அமுக்கம் குறைந்திருக்கலாம். நோயின் பெயரிலேயே காரணத்தை எழுதிவிட்டால் அப்புறம் எதைத் தேடுவது?

வண்டியின் கணினி பதிந்த பிழைக்குறியைப் படிக்கும் ஸ்கேனரே அப்படி முந்திக்கொள்வதில்லை. பி0302 என்ற குறி வந்தால் இரண்டாம் உருளை எரியவில்லை, அவ்வளவுதான். அந்த உருளையின் முறை வரும்போது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகம் துளி தளர்வதை வைத்துக் கணினி அதைக் கண்டுகொள்கிறது. மிச்சம் நம் வேலை. உருளைக்கு ஒரு காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) இருக்கும் வண்டியில் இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். குறி பி0304 ஆனால் காயில்தான் போயிருக்கிறது. குறி பி0302 ஆகவே மாறாமல் இருந்தால் பிளக், இன்ஜெக்டர், அமுக்கம் என்று ஒவ்வொன்றாகப் போகவேண்டும். (குறுக்கே வைத்த வி6 எஞ்சினில் பின்வரிசை உருளை என்றால், பாவம், கையே நுழையாது.)

மெக்கானிக்குகள் "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்கிறார்கள். காதால் கேட்டு வைத்த பெயர். ஓர் அடி விட்டுப்போகிறது. நம்மிடம் 'தாளம் தப்புதல்' இருக்கிறதே! ஆகவே 'எரிதப்பல்'. 'எரி' நெருப்புக்கும் பெயர். வினையாகவும் வரும்: மூன்றாம் உருளை எரிதப்புகிறது.

> நெருப்பு தப்பித்து வெளியே வருவதுபோல ஒலிக்கிறது. 'எரிவிடுபடல்'?

அம்மா, நெருப்பு வெளியே வருவது வேறு; சைலன்சரில் 'டப்' என்று வெடிக்கிறதே, அதற்குப் 'பின்வெடிப்பு' இருக்கட்டும். விடுபடல் பொருளில் துல்லியம், மறுக்கவில்லை. வாய்தான் தடுக்குகிறது. செக் எஞ்சின் விளக்கு சிமிட்டினால் நிலைமை கடுமை என்று பொருள்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றிக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும். அந்த நேரத்தில் 'கடும் எரிதப்பல்' என்று சட்டெனச் சொல்ல முடியவேண்டும்.

இன்னும் உறுத்துவது பி0300. ஓர் உருளையில் நில்லாமல் இடம் மாறி மாறி வருவது. 'பரவல் எரிதப்பல்' என்று எழுதிப் பார்த்தேன். அது பரவவில்லையே, அலைகிறது. 'அலை எரிதப்பல்' என்றால் கடலலை வந்து நிற்கிறது. யாருக்காவது தோன்றுகிறதா?