கிணற்றுச் சுவரில் மயில்சிகை

பூக்காமல், விதையில்லாமல் பெருகும் பெரணிச் செடியைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும் என்று நினைப்பவர்கள் செஞ்சிப் பக்கம் ஒருமுறை வாருங்கள். வெயில் கொளுத்தும் பாறைக் குன்றுகளில் மயில்சிகை என்ற பெரணி இருக்கிறது. தாவரவியலில் அதன் பெயர் ஆக்டினியோப்டெரிஸ் ராடியேட்டா. ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அது முதலில் அகப்பட்டது எங்கள் ஊர்ப் பாழுங்கிணற்றில். கருங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை வைத்த சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நீளத்தில் குட்டிப் பனைகள் முளைத்திருப்பது போலத் தெரிந்தது. குப்புறப் படுத்துக் கையை விட்டு ஓர் இலையைத் திருப்பினேன். கீற்றுகள் இரண்டிரண்டாகக் கிளைத்து விரிந்திருந்தன. அடிப்புறத்தில் ஓரங்கள் உள்ளே மடிந்து, அந்த மடிப்புக்குள் பழுப்பு நிறத்தில் ஸ்போர்ப் பைகள். விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்ணிய தூள்தான் ஸ்போர்.

காற்றோடு போகும் அந்தத் தூள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஆனால் முளைத்த பிறகு ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். மொட்டைப் பாறையில் அது ஏது? இடுக்கில்தான் மழை ஓய்ந்த பின்னும் ஈரம் தங்குகிறது. அதனால் வறண்ட சீமையில் இதற்கு வீடு பாறை வெடிப்பும் பழஞ்சுவரும்தான்.

சித்திரையில் போனால் ஏமாந்துபோவீர்கள். கீற்றெல்லாம் சுருண்டு சருகாகி, செத்தே போய்விட்டது என்று சத்தியம் செய்யலாம். நல்ல கோடை மழை பெய்த மறுநாள் போனேன். அதே பழைய இலைகள் பச்சையாக விரிந்து நின்றன, புதுத் துளிர் அல்ல! இப்படி உடம்பின் நீரெல்லாம் வற்றியும் பிழைக்கும் பெரணிகள் சிலவே.

வயிற்றுப் பூச்சிக்கு, இரத்தப்போக்குக்கு என்று வேரோடு பிடுங்குகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அவர்களாவது நாலு செடியை விட்டுவைப்பார்கள், சிமென்ட் விடாது. மதில், கிணறு, பழைய பாலம் எதுவானாலும் சீரமைப்பு என்று இடுக்கைப் பூசி அடைத்துவிட்டால் அந்தச் சுவரில் மயில்சிகைக்கு இடமில்லை.

தேட நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புங்கள். நிழல் விழும் பாறை வெடிப்பாகப் பாருங்கள். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிவிடுங்கள், அந்த இடுக்குகளில் தேள் இருக்கும்.