வாட்ஸ்அப் குரூப் ஒன்னே போதுமாம்! கூட்டுக் குடியிருப்புல இருக்கவங்க வந்து சொல்லுங்க

அழகர்ரோடு_அமுதா:
நேத்து இங்க ஒருத்தர் "கூட்டுக் குடியிருப்புக்கு வாட்ஸ்அப் போதும், வெப்சைட்டு, ஓட்டுப் போட்டு முடிவெடுக்க லூமியோங்குற ஆப்புன்னு அலையுறதெல்லாம் வெட்டி பந்தா"ன்னு எழுதியிருந்தார். படிச்சதுலருந்து ஆறவே இல்ல எனக்கு. நாங்க 14 குடும்பம், பொதுச் சமையக்கட்டு, பொதுத் தோட்டம். ரெண்டாவது போர்வெல் போடலாமான்னு குரூப்ல ஒருத்தர் கேட்டார், ஒம்போது பேர் கட்டைவிரல் போட்டாங்க, மறுநாள் விடியக்காலம் போர் வண்டி வாசல்ல நிக்குது. கேட்டா "அதான் எல்லாரும் சம்மதிச்சிட்டீங்களே"ங்குறார். கட்டைவிரல் சம்மதம் இல்லங்க, பாத்துட்டேன்னு அர்த்தம்.

வைகைக்கரை_சேது:
எழுதுனது நான்தான்மா, பேரைச் சொல்லியே பேசுங்க. 14ல 9 மெஜாரிட்டி. போடாதவங்க வாயில என்ன கொழுக்கட்டையா? டென்மார்க்ல 1972லயே சேத்தடாமன்னு ஒரு கூட்டுக் குடியிருப்ப 27 வீடு சேந்து கட்டிக் குடியேறுனாய்ங்க, அப்ப ஏது ஆப்பு?

அழகர்ரோடு_அமுதா:
ஆப்பு இல்ல, அதனால ஒக்காந்து பேசுனாங்க. கட்டைவிரலக் காட்டிட்டுப் போகல. லூமியோல ஒரு விஷயத்த வச்சா ஒத்துக்குறேன், ஒதுங்கிக்கிறேன், ஒத்துக்கல, தடுக்குறேன்னு தனித்தனியா இருக்கு, ஏன்னு காரணமும் எழுதலாம், என்னைக்கு முடியுதுன்னு தேதி இருக்கு, ஓட்டு போடாதவங்களுக்கு ஞாபகப்படுத்தும். நியூசிலாந்து வெலிங்டன்ல ஒரு கூட்டுறவுக்காரங்க செஞ்சது. வாட்ஸ்அப்புல போட்ட விரல ராத்திரி எடுத்துட்டாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது.

திருநகர்_டெவலப்பர்:
லூமியோ ஓப்பன் சோர்ஸ்தான், அதாவது நிரல யாரும் எடுத்துக்கலாம், சொந்த சர்வர்லயே ஓட்டலாம். ஆனா பேக்கப் யார் எடுப்பா? மொதல்ல அதைப் பேசுங்க.

வைகைக்கரை_சேது:
எங்க காம்பவுண்டுல எழுபது வயசுக்காரங்க இருக்காங்க தம்பி. அவங்களுக்கு மெயில் ஐடியே கெடையாது. வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க, கட்டைவிரல் போடுவாங்க. அது சம்மதம் இல்லன்னா பெரியவங்கள நீங்க மதிக்கலன்னு அர்த்தம்.

அழகர்ரோடு_அமுதா:
பெரியவங்கள ஏன் இழுக்குறீங்க? எங்க மாமியார் எந்த மெசேஜ் வந்தாலும் கட்டைவிரல் போடுவாங்க, இரங்கல் செய்திக்கும் போட்டாங்க. அதுவும் சம்மதமா?

சிம்மக்கல்_குமார்:
கூட்டுக் குடியிருப்புன்னா என்னங்க, அபார்ட்மெண்ட் அசோசியேஷனா? தெரியாமத்தான் கேக்குறேன்.

மேலூர்_மதினி:
குமாரு, அவங்கவங்களுக்குத் தனி வீடு, சமையக்கட்டும் தோட்டமும் பொது, அதான் கூட்டுக் குடியிருப்பு. அமுதாக்கா, நானும் உங்க காம்பவுண்டுதான், அதனால சொல்றேன். சமையல் முறைக்கு கூகுள் ஷீட் கொண்டாந்ததே நீங்கதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யார் யார் சாப்பிட வர்றாங்கன்னு அதுல போடணும், அதைப் பாத்துத்தான் அரிசி களையணும். வெள்ளிக்கெழம என் பேரை அழிச்சது யாரு? பதிப்பு வரலாறுல உங்க மெயில் ஐடி நிக்குது. அன்னைக்கு எம்புள்ளைக்கு ரசஞ்சோறுகூட இல்ல.

அழகர்ரோடு_அமுதா:
அது கை தவறி அழிஞ்சிருக்கும் மதினி, அதையா இங்க கொண்டாருவீங்க? ஆனா பாருங்க, யார் அழிச்சான்னு ஷீட்டு காட்டிருச்சுல்ல? இதத்தானே காலைலருந்து கத்திட்டு இருக்கேன். குரூப்ல கட்டைவிரல எண்ணி ஒல வச்ச காலத்துல சோறு ஒருநா மிஞ்சும், ஒருநா பத்தாது, யாரைக் கேக்க முடிஞ்சது? பாத்தேன்னு போட்டவரும் சாப்பிட வரேன்னு போட்டவரும் ஒரே கணக்குல வந்தாங்க. மறுபடி சொல்றேன், கட்டைவிரல் சம்மதம் இல்ல.

மேலூர்_மதினி:
கை தவறி என் பேரு மட்டும் அழியுமா?

வைகைக்கரை_சேது:
பாத்தீங்களா, ஆப்பு வந்தா இப்புடித்தான் அடுத்தவங்கள வேவு பாக்கத் தோணும்.

பழங்காநத்தம்_வக்கீல்:
1975 சங்கப் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணியிருக்கீங்களா? பண்ணியிருந்தா பொதுக்குழு தீர்மானம் மினிட்ஸ் நோட்டுல ஏறணும். ரெண்டு பேருமே அதைப் பத்திப் பேச மாட்டேங்குறீங்க.

அழகர்ரோடு_அமுதா:
மினிட்ஸ்ல என்னன்னு எழுதுறது சார், ஒம்போது பேர் விரலக் காட்டுனாங்கன்னா?

வைகைக்கரை_சேது:
மெஜாரிட்டின்னு எழுதுங்க. எங்க காம்பவுண்டுல அப்புடித்தான் எழுதுறோம், யாரும் சண்டைக்கு வந்ததில்ல.

திருநகர்_டெவலப்பர்:
அமுதாக்கா, உங்க வெப்சைட் இப்ப ஓப்பனே ஆகலயே, டொமைன், அதான் வெப்சைட் முகவரி, காலாவதின்னு வருது.

மேலூர்_மதினி:
எப்புடி ஆகும்? டொமைனே அக்கா மருமகன் பேர்லதான் இருக்கு. பாஸ்வேர்டு கேட்டு எத்தன தடவ மெசேஜ் போட்டேன், ஒவ்வொன்னுக்கும் ஒரு கட்டைவிரல் வருது, பாஸ்வேர்டு வரல.

அழகர்ரோடு_அமுதா:
எங்க வீட்டு மாப்பிள்ளையப் பொது எடத்துல பேசாதீங்க மதினி. ரெண்டு வருசம் அவர் கைக்காசுல கட்டுனார், பொதுக் கணக்குல ஒரு ரூவா கேட்டதில்ல. போர் விசயத்துக்குப் பதில் சொல்லுங்க.

மேலூர்_மதினி:
மொதல்ல பாஸ்வேர்டு.