அவசரம்: புது சிஸ்டத்துல மட்டும் சர்வர் ஃபோல்டர் தெறக்கல

நூல்காரன்_திருப்பூர்: ஏனுங்க, ஆபீஸ்ல புதுசா ஒரு சிஸ்டம் வாங்குனோம். சர்வர் ஃபோல்டர் அதுல மட்டும் தெறக்க மாட்டேங்குது. நாளைக்கு ஷிப்மென்ட், பேக்கிங் லிஸ்ட் பூரா அதுலதான் கெடக்குது. ஓனரு லினக்ஸைத் தூக்கிட்டு விண்டோஸ் சர்வர் போட்றலாம்ங்கறாரு. எதுங்க நல்லது?

பவானிக்கரை: சர்வர்ல என்ன ஓடுது? புதுசு ஹோமா, ப்ரோவா? எத்தனை சிஸ்டம்? எர்ரர் என்னங்க?

காங்கயத்தான்: ஆன்டிவைரஸ்தானுங்க. ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க.

பவானிக்கரை: அதை மட்டும் பண்ணாதீங்க!

நூல்காரன்_திருப்பூர்: டெபியன் 12 லினக்ஸ், ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டறது சம்பாங்கற சாஃப்ட்வேர். 14 சிஸ்டம். பழசு 13-ம் விண்டோஸ் 10 ப்ரோ, புதுசு 11 ப்ரோ. எர்ரர்ல கெஸ்ட்னு என்னமோ வருது.

மூத்தவன்_கோவை: தம்பி, இதை முதல்லயே எழுதோணும். எத்தனை வருசமாச் சொல்றேன், கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்குது. விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்புல இருந்து பாஸ்வேர்ட் இல்லாம யாரு வேணா தெறக்கற கெஸ்ட் ஷேருக்குள்ள போகாது. எஸ்எம்பி சைனிங்கும், அதாவது ஃபோல்டர் ஷேர்ல போற வர்ற தகவலுக்கெல்லாம் முத்திரை குத்தறதும், கட்டாயம். கெஸ்ட்டுக்கு சைன் பண்ணச் சாவியே கெடையாது. 10 ப்ரோ உள்ள விட்டுச்சு, அதனால இத்தனை நாளும் தெரியல. குடோனைப் பூட்டாம வெச்சிருந்தீங்க, அவ்வளவுதான். சம்பால யூசர், பாஸ்வேர்ட் போடுங்க, சம்பா செட்டிங் ஃபைல்ல கெஸ்ட் ஓகே வரியை நோன்னு மாத்துங்க.

பவானிக்கரை: அண்ணா, அந்த வரியை இன்னிக்கு மாத்துனா பழைய 13-ம் நின்னு போயிருமுங்க. இன்னிக்கு யூசர் மட்டும் போடட்டும். பழைய ஃபைலெல்லாம் நோபடி பேர்ல (கெஸ்ட்டா வர்றவங்களுக்கு லினக்ஸ் குடுக்கற பேரு) இருந்தா தெறக்கும், சேவ் ஆகாது. அதையும் பாத்துக்கோங்க.

ஈரோட்டுத்தறி: ஓனரு சொல்றதும் சரிதானுங்க. விண்டோஸ் சர்வர்னா ஆக்டிவ் டைரக்டரிங்கற ஒரே பட்டியல்ல எல்லா யூசரும், பாஸ்வேர்டும் ஒரே எடத்துல.

மூத்தவன்_கோவை: சர்வர் லைசென்ஸ் போக, அதுல சேர்ற 14-க்கும் சிஏஎல்ங்கற தனி லைசென்ஸ் யாரு வாங்கறது? அந்தப் பட்டியலை வெச்சு நடத்தற டொமைன் கன்ட்ரோலர் வேலையைச் சம்பா 2012-ல வந்த 4.0-லயே பாத்துச்சு. படிச்சுட்டு வாங்க.

ஈரோட்டுத்தறி: படிச்சேனுங்க. லினக்ஸ் பாத்துட்டிருந்த பையன் வேலையை விட்டுப் போனப்ப எங்க பட்டறை ரெண்டு நாள் பில்லு போடாம நின்னுச்சு. லைசென்ஸ் காசை விட அது பெருசு.

காங்கயத்தான்: சர்வரே எதுக்குங்க? 11 ப்ரோ ஒன்னுலயே ஷேர் பண்ணிக்கலாமே.

பவானிக்கரை: லைசென்ஸ்படி 20 மெசினோட சரி. இப்பவே 14. ஆனா விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அந்த 13-ம் 11-க்குப் போறப்போ இதே எர்ரர் வரும், அதுக்குள்ள ஆளுக்கொரு யூசர் போட்ருங்க.

நூல்காரன்_திருப்பூர்: யூசர் போட்டேனுங்க, தெறந்துருச்சு. அந்த வரியைத் தொடல. லோடு ஏத்திட்டு வர்றேன்.

பவானிக்கரை: சேவ் ஆகுதுங்களா?

பவானிக்கரை: இருக்கீங்களா?