பின்கொட்டில் வகுப்புக்குப் பழைய ரவுட்டர்: போட்டதும் வீட்டு நெட்டும் போய்விட்டது

உப்புவெளி ரீச்சர்:
வணக்கம். உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டு ஏ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூதூர்ப் பிள்ளைகள் நாலு பேர் மழை நாட்களில் சூமில்தான் சேருவார்கள். புது பைபர் ரவுட்டர் முன் ஹோலில். கொட்டிலுக்கு இருபது மீற்றர்கூட வராது, ஆனால் இடையில் குசினிச் சுவரும் தண்ணீர்த் தாங்கியும். லப்டொப்பில் ஒரு கோடு காட்டும். கரும்பலகைப் பக்கம் திருப்பினால் அதுவும் போய்விடும்.

அலுமாரியில் பழைய டிபி-லிங்க் 841என் ரவுட்டர் ஒன்று கிடந்தது. அதைப் பிரிட்ஜ், அதாவது வீட்டு வைஃபையை வாங்கிக் கொட்டிலுக்குக் கடத்தும் பாலம் ஆக்கலாம் என்று சொல்லிவிட்டு மகன் கொழும்புக்குப் போய்விட்டான். நானே கொட்டிலில் வைத்து, அதற்கான டபிள்யூ.டி.எஸ். என்ற பெட்டியில் டிக் போட்டு, வீட்டு வைஃபையைத் தேடிப் பிடித்து பாஸ்வேர்ட் கொடுத்தேன். ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு இவருடைய போனில் வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை. ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்கு பிரவுசரில் 192.168.1.1 அடித்தால் ஒருமுறை புது ரவுட்டரின் பக்கம் திறக்கிறது, மறுமுறை பழையதின் பக்கம். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. பழையதைக் கழற்றினால் எல்லாம் சரி. எங்கே பிழை விட்டேன்?

உவர்மலைத் தம்பி:
பேயெல்லாம் இல்லை ரீச்சர். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி. அதோடு இரண்டும் டி.எச்.சி.பி. நடத்துகின்றன, அதாவது புதிதாக வரும் போனுக்கெல்லாம் இலக்கம் கொடுக்கின்றன. பழையதிடம் இலக்கம் வாங்கிய போன், வெளியே போகும் வாசலும் அதுதான் என்று நினைத்து அங்கேயே நிற்கும். ஐயாவின் போனுக்கு நடந்தது அதுதான்.

பழையதைத் தனியாக எடுத்து, லப்டொப்பை அதன் மஞ்சள் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். முதலில் அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். புது ரவுட்டர் அந்த இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். நிறுத்தியதும் லப்டொப்புக்கு இலக்கம் கிடைக்காது, பயப்பட வேண்டாம். கையால் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டால் திரும்ப உள்ளே போகலாம். வெளி இணையத்துக்கான நீல நிற வான் போர்ட்டில் ஒன்றும் செருக வேண்டாம்.

இன்னொன்று, சனல், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை. புது ரவுட்டரில் அது ஆட்டோவில் இருந்தால் கறண்ட் போய் வந்ததும் வேறு சனலுக்குத் தாவும், பிரிட்ஜ் அறுந்துவிடும். இரண்டிலும் 1, 6, 11 இல் ஒன்றையே நிரந்தரமாகப் போடுங்கள். 841க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான், 5 கிகாஹேர்ட்ஸ் தெரியாது.

வயர்மேன்:
இருபது மீற்றருக்கு ஏன் இந்தக் கூத்து? நூறு மீற்றர் வரைக்கும் கேபிள் தாங்கும். பிவிசி குழாய்க்குள் விட்டு, ஒன்றின் லான் போர்ட்டில் (வீட்டுக்குள் இணைப்பதற்கானது) இருந்து மற்றதின் லான் போர்ட்டுக்குச் செருகுங்கள். முகவரியும் டி.எச்.சி.பி.யும் தம்பி சொன்னபடி. வேகமும் பாதியாகாது.

உவர்மலைத் தம்பி:
அண்ணை, வேகம் பாதியாவது உண்மைதான். ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். ஆனால் சூமுக்கு அந்தப் பாதி தாராளம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செப்புக் கம்பி இழுத்து, ஐப்பசி இடியில் லப்டொப் போர்ட்டைப் பறிகொடுத்தவன் நான்.

உப்புவெளி ரீச்சர்:
சரி வந்துவிட்டது! முகவரி மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி என் முட்டாள்தனம்: சிக்னலே இல்லாத கொட்டிலில் வைத்தால் அது எதைப் பிடித்துக் கொடுக்கும்? இப்போது குசினியின் பின் ஜன்னலில், தாங்கிக்கு மற்றப் பக்கமாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கொட்டில் வாசல் நேரே தெரியும். அடாப்டர் முனையில் கடல் காற்றுக்குப் பச்சை பிடித்திருந்தது, மட்டத்தாளால் தேய்த்தேன். நேற்றுப் பின்னேரம் இரண்டு தரம் கறண்ட் போனது, சனல் 11 இல் இரண்டு தரமும் தானாகவே சேர்ந்துகொண்டது.

தம்பி, ஒரு கேள்வி. கொட்டிலில் இருக்கும் பிள்ளைகளும் பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

உவர்மலைத் தம்பி:
பிரிட்ஜ் என்றால் எல்லாம் ஒரே வலையமைப்பு. உங்கள் வீட்டுப் போன், லப்டொப் எல்லாம் அதற்குள்தான். கொடுக்காதீர்கள் ரீச்சர்.

வயர்மேன்:
கொடுத்தால் கணிதமும் நடக்காது.