மறு: ‘முன்சுமை’க்கு மாற்றாக ‘ஆட்டமெடுப்பு’

> வெறும் பிரேமிலிருந்து வீட்டிலேயே சைக்கிள் கோக்கும் கையேட்டில், ஹெட்செட் (பிரேமின் முன்தலையில் ஃபோர்க் திரும்புமிடம்) பேரிங்கை இறுக்கி வைக்கும் வேலைக்கு ‘முன்சுமை’ (preload) என்று போட்டுவிடலாமா?

வணக்கமுங்க.

போட வேண்டாமுங்க. சொல்லில் பிழையில்லை. ஆனால் கையேட்டைப் படிப்பவர் கையில் ஆலன் கீயோடு உட்கார்ந்திருப்பார். ‘சுமை’ என்று கண்டதும் மேல் மூடி போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் முடுக்கிவிடுவார். பேரிங் பிடித்துக்கொள்ளும், ஹேண்டில் திரும்பாது.

இப்போது வருகிற மரையில்லாத ஹெட்செட்டில் அந்த போல்ட் ஹேண்டிலைத் தாங்குவதே இல்லை. ஃபோர்க் குழாய்க்குள் அடித்து இறக்கிய ஸ்டார் நட்டைப் பிடித்து ஃபோர்க்கை மேலே இழுக்கிறது, ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் கீழே அமுக்குகிறது. நடுவில் மாட்டிய இரண்டு பேரிங்கிலும் ஆட்டம் போகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. பிடித்து நிறுத்துவது ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகள். அவை தளர்வாக இருக்கும்போதே மேல் போல்ட்டை முடுக்கணும். அப்புறம் ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்க போல்ட்டுகளை ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும் அளவுக்கு (பல ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர்) முடுக்கணும். குழாயின் நுனி ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு 3 மி.மீ. போலக் கீழே நிற்கட்டும். இல்லையென்றால் மூடி குழாயிலேயே முட்டிக்கொள்ளும், எத்தனை சுற்று முடுக்கினாலும் ஆட்டம் அப்படியே இருக்கும்.

சைக்கிள் கடையில் இதைப் பார்க்கிற விதமே தனி. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைப்பார்கள், ஒரு விரல் மட்டும் கீழ்க் கப்பும் ஃபோர்க்கும் சேருமிடத்தில் இருக்கும். ‘டக்’ என்று விரலில் தட்டினால், “ஆட்டம் இருக்குதுங்க, எடுத்துரலாம்” என்பார்கள். சொல் அங்கேயே கிடக்கிறது. களையெடுப்பு, கணக்கெடுப்பு மாதிரி ‘ஆட்டமெடுப்பு’. ஆட்டம் என்றால் நடனம் என்று குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பல் ஆடுகிறது என்று டாக்டரிடம் போனவரை யாரும் சலங்கை கட்டச் சொல்லவில்லையே!

கோவையில் கணபதி பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: லேத் ஸ்பிண்டிலில் ஆட்டம் போன பிறகும் வேண்டுமென்றே பேரிங்கில் அழுத்தம் ஏற்றி வைப்பார்கள். அங்கே உண்மையிலேயே சுமைதான், ‘முன்சுமை’ அவர்களுக்கே இருக்கட்டும்.

கோன் (பேரிங் குண்டுகளை அமுக்கும் கூம்பு நட்டு) வைத்த சக்கர ஹப்பில் நேர்மாறான சங்கதி. குவிக் ரிலீஸ் லீவரை மடக்கும்போது ஆக்சில் கொஞ்சம் அமுங்கும்; அதனால் கோனை முடுக்கும்போதே துளி ஆட்டத்தை விட்டுவைக்கணும், லீவர் மடங்கியதும் அது மறையணும். இதற்கு ‘விட்ட ஆட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். நல்ல சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்க.

பெடல் கைகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு வந்த ‘மிதியச்சுக்கூடு’ எனக்குச் சம்மதம். விளக்கத்தில் ஒரு வரி மட்டும் சேருங்க: 1.37 அங்குல, அங்குலத்துக்கு 24 புரியுள்ள ஆங்கில மரையானால் செயின் பக்கத்துக் கப் இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றித்தான் முடுக்கணும். பெடலிலோ இடது மரை இருப்பது இடப் பெடலுக்கு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாமல் தனித்தனிப் படத்தோடு போட்டால் நல்லது.